உதயகிரிக் கோட்டையின் வலிய கப்பித்தான்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பெருஞ்சாலையில், தக்கலைக்குச் சற்று முன்னதாகப் புலியூர்க்குறிச்சி என்றோர் ஊர் உண்டு. வேளிமலையின் அடிவாரத்தில், சாலையை ஒட்டினாற்போல் கருங்கல் மதில் ஒன்று நீண்டு கிடப்பதைப் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருக்கலாம். அதுதான் உதயகிரிக் கோட்டை. அவ்வூர்ப் பெரியவர்கள் அதைத் தில்லானைக் கோட்டை என்றும் சொல்லுவர். யானைக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. டி லனாய் என்ற ஐரோப்பியர் ஒருவருடைய பெயர் நம்மவர் நாவில் புகுந்து அப்படி ஆயிற்று.

தை மாதம் வேதசாட்சி தேவசகாயம் பிள்ளையின் திருநாள் வரும்போதெல்லாம் நமது கோவில்களில் டிலனாயின் பெயரும் ஒருமுறை சொல்லப்படும். நீலகண்டப் பிள்ளைக்குச் சத்திய வேதத்தை முதன்முதல் எடுத்துச் சொன்ன படைத்தலைவர் என்று சொல்லிவிட்டு, பிரசங்கம் செய்கிறவர் வேதசாட்சியின் பாடுகளுக்குப் போய்விடுவார். அது நியாயமே. ஆனால் அந்தப் படைத்தலைவருக்கும் ஒரு ஜீவியம் இருந்தது. மனைவியும் மகனும் இருந்தார்கள். அவர் சுமந்த பாரமும் இலேசானதன்று. அவரைப் பற்றியே இவ்வாரம் சற்று நின்று பேசலாம்.

அவருடைய முழுப்பெயர் எவுஸ்தாக்கியுஸ் பெனடிக்டுஸ் டி லனாய். பிரான்சு தேசத்தின் வட எல்லையில், பிளாண்டர்ஸ் சீமையை அடுத்த அர்ராஸ் நகரத்தில் பிறந்தவர் என்பர். அந்தப் பக்கத்து ஜனங்கள் பழங்காலந்தொட்டுக் கத்தோலிக்கர்கள். டிலனாயும் கத்தோலிக்கராகவே பிறந்து வளர்ந்தார். ஆனால் பிழைப்புக்கு அவர் சேர்ந்த இடமோ டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி.

டச்சுக்காரர் புரோட்டஸ்டாண்டு மதத்தினர். 1658-ம் ஆண்டு தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும், 1663-ல் கொச்சியையும் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்துக்கொண்டார்கள். இலங்கையில் தங்கள் ஆளுகைக்குட்பட்ட இடங்களில் கத்தோலிக்க குருக்கள் தங்கக்கூடாது, பூசை வைக்கக்கூடாது என்று கட்டளை போட்டார்கள். கோவாவிலிருந்து வந்த அர்ச். சூசை வாஸ் சுவாமியார் பிச்சைக்காரனைப்போல் வேடம் பூண்டு, இராக்காலங்களில் வீடு வீடாய்ப் போய்த் தேவதிரவிய அநுமானங்களைக் கொடுத்தது இந்த டச்சுக்காரருக்குப் பயந்துதான். அவர் கண்டியில் 1711-ல் மரித்தார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின் குளச்சலுக்கு வந்த டச்சுச் சேனை புறப்பட்டது அதே இலங்கையிலிருந்துதான். தன் வேதத்தைத் தடை செய்த கம்பெனியின் சம்பளத்தை வாங்கி, அதன் கொடியின் கீழ்ச் சண்டைக்கு வந்த வாலிபன் டிலனாய். வயது இருபத்தாறை ஒட்டியிருக்கும்.

சண்டை எதற்கு? மிளகுக்கு. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா அண்டைச் சிற்றரசுகளை ஒவ்வொன்றாகத் தம்மோடு சேர்த்துக்கொண்டு வந்தார். அந்தச் சிற்றரசர்களோடு மிளகு ஒப்பந்தம் செய்திருந்த கம்பெனிக்கு இது பொறுக்கவில்லை. இலங்கைக் கவர்னராயிருந்த வான் இம்ஹோப் என்பவர் மன்னரை மிரட்டிப் பார்த்தார், மன்னர் அசையவில்லை. 1741-ல் டச்சுச் சேனை குளச்சலில் இறங்கிற்று. கடற்கரை ஊர்களைக் கொள்ளையிட்டு, இரணியல்வரைக்கும் வந்து, தலைநகராகிய பத்மநாபபுரத்துக்கே ஆபத்து என்ற நிலை உண்டாயிற்று. வடக்கே போர்முனையிலிருந்த மன்னர் விரைந்து திரும்பி, டச்சுக்காரரைக் குளச்சலில் அவர்கள் போட்டிருந்த அரணுக்குள் விரட்டி முற்றுகையிட்டார்.

குளச்சல் மீனவர்களைப் பற்றி அந்தக் கரையில் ஒரு கதை சொல்லுவார்கள். அவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்துக் கொண்டு கரையோரம் வரிசையாய் நிற்க, தூரத்திலிருந்த கப்பல்காரர் அவற்றைத் துப்பாக்கிகள் என்று எண்ணி நெருங்கப் பயந்தார்களாம். அந்த மீனவர்களின் முன்னோர் 1544-ல் அர்ச். சவேரியாரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அரணுக்கு உள்ளே ஒரு கத்தோலிக்கன், வெளியே கத்தோலிக்கக் கரையார். யுத்தம் இப்படித்தான் மனிதரை நிறுத்தி வைக்கிறது.

கடைசியில் வெடிமருந்தில் நெருப்புப் பற்றி, அரிசியும் எரிந்துபோக, உள்ளேயிருந்தவர்கள் சரணடைந்தார்கள். அது ஆடி மாதம். சிறைப்பட்ட ஐரோப்பியரை உதயகிரிக்குக் கொண்டு வந்தார்கள். அவர்களுள் டிலனாயும், அவருடைய தோழர் டொனாதி என்பவரும் இருந்தனர். டிலனாயே டச்சுப் படைக்குத் தளபதி என்று நம் பக்கத்தில் சொல்வதுண்டு. பத்மநாபபுரம் அரண்மனையில் உள்ள சித்திரத்திலும் அவர் மன்னர் முன் பணிந்து சரணடைவது போலவே தீட்டியிருக்கிறார்கள். கம்பெனியின் பழைய ஏடுகளைப் பார்த்தவர்கள் அவருக்கு அவ்வளவு பெரிய பதவியைக் கொடுப்பதில்லை. நமக்கென்னவோ இது அவருக்குக் குறைவாகத் தோன்றவில்லை. சாதாரணச் சிப்பாயாக வந்தவனை ஒரு மன்னர் இனங்கண்டு எடுத்தார் என்றால், அந்தச் சிப்பாயிடம் ஏதோ இருந்திருக்க வேண்டுமன்றோ?

மார்த்தாண்ட வர்மா ஆளறிந்தவர். குளச்சலில் வென்றது தம் சேனையே ஆயினும், டச்சுக்காரரின் துப்பாக்கி வரிசையும் பீரங்கியும் செய்த வேலையை அவர் கண்ணால் கண்டிருந்தார். நாயர் வீரர்கள் வாளுக்கும் பரிசைக்கும் பேர்போனவர்கள். தனித்தனியே நின்றால் புலிகள். வரிசையாக நின்று, ஒரே சொல்லுக்கு ஒரே நேரத்தில் சுடுவதென்பது வேறு வித்தை. அந்த வித்தையைக் கற்பிக்கும்படி மன்னர் டிலனாயைக் கேட்டார். முதலில் மெய்க்காவல் படையில் சிறு பகுதி, பிறகு பட்டாளங்கள், பின்னர் சேனை முழுவதும். வலிய கப்பித்தான், அதாவது பெரிய படைத்தலைவர், என்ற பட்டம் வந்தது. முற்காலத்தில் வீர ரவிவர்மா கட்டிய உதயகிரிக் கோட்டையைப் புதுப்பித்துக் கருங்கல் மதில் எழுப்பும் வேலையும் அவர் மேற்பார்வையில் நடந்தது. ஏறக்குறைய தொண்ணூறு ஏக்கர் பரப்பு. உள்ளே பீரங்கி வார்க்கும் உலைக்களம் அமைத்தார். கன்னியாகுமரிக்கு அருகே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற வட்டக்கோட்டையையும் அவரே செப்பனிட்டார்.

பகைவனிடம் சேவகம் புரிவது துரோகமல்லவா என்று கேட்போர் உண்டு. டச்சுக் கம்பெனி அப்படித்தான் கருதியிருக்கும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பெனியின் சம்பளத்தில் இருந்தவரையில் டிலனாய் பகிரங்கமாகப் பூசை காண வழியில்லை. இந்து மன்னரின் கைதியாக வந்த பிறகோ, அவர் தம் வேதத்தைத் தடையின்றி அநுசரித்தார். கோட்டைக்குள்ளேயே ஒரு கோவில் எழும்ப மன்னர் உதவினார். அர்ச். மிக்கேல் சம்மனசானவர் பேரால் எழும்பிய அந்தக் கோவிலில் குருவானவர் பூசை வைத்தார். படையிலிருந்த கிறிஸ்தவர்கள் அங்கே கூடினார்கள். சிறைச்சாலை என்று கொண்டுவரப்பட்ட இடமே அவருக்கு வீடும் ஆலயமும் ஆயிற்று.

வீடு என்றோமே, அதற்கு மார்கரீத்தா அம்மாள் வந்தாள். ஆங்கிலேயரின் பண்டகசாலை இருந்த அஞ்சுதெங்கைச் சேர்ந்த குடும்பத்துப் பெண் என்றும், கைதியாக வந்தவனுக்குப் பெண் கொடுக்கத் தகப்பனார் தயங்க, மன்னரே நடுவில் நின்று விவாகத்தை முடித்து வைத்தார் என்றும் சொல்லுவர். கோட்டைக்குள் குடித்தனம். அக்காலத்துக் கோட்டைகளில் படைத்தலைவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது வாசகர்கள் அறியாததன்று. அதிகாரமும் பணமும் சேர்ந்த இடத்தில் சாராயமும் அந்தப்புரமும் சேருவது வழக்கம். டிலனாயோ ஒருத்தியை மணந்தார், அவளோடு வாழ்ந்தார், இன்று அவளுடைய கல்லறையும் அவருடைய கல்லறைக்கு அருகிலேயே இருக்கிறது. அவர்களுக்குப் பிறந்த மகனுக்கு அருளப்பன் பெயரை, அதாவது யோவான் என்று, இட்டார்கள்.

எவுஸ்தாக்கியுஸ் என்ற அர்ச்சியசிஷ்டரின் சரித்திரம் நமது முதியோருக்கு நினைவிருக்கலாம். பாரம்பரியம் சொல்லுகிறபடி அவரும் உரோமைச் சேனையின் தளபதி. மனைவி மக்களைப் பிரிந்து, பொருளெல்லாம் இழந்து, பிறகு அவர்களைக் கண்டடைந்து, எல்லாரும் ஒருங்கே வேதத்துக்காக உயிர்விட்டவர்கள். தமக்கு இட்ட பெயரை டிலனாய் எத்தனை முறை நினைத்துக் கொண்டிருப்பாரோ!

நிற்க. கோட்டை வேலை நடந்துகொண்டிருந்த நாட்களில் அங்கே அரசாங்க அலுவலராக இருந்தவர் நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்டப் பிள்ளை. 1712-ல் பிறந்தவர், டிலனாயைவிட இரண்டு மூன்று வயதே மூத்தவர். நல்ல குடும்பம், கல்வி, மன்னரின் நம்பிக்கை எல்லாம் உண்டு. வேலைக்காரருக்குக் கூலி கொடுப்பது, கணக்குப் பார்ப்பது முதலிய காரியங்களில் இருவரும் தினந்தோறும் சந்தித்தார்கள். பழக்கம் சிநேகமாயிற்று.

அந்தக் காலத்தில் நீலகண்டப் பிள்ளையின் வீட்டில் கஷ்டம் மேல் கஷ்டம். ஆடுமாடுகள் மடிந்தன, பயிர் பொய்த்தது, சொத்து கரைந்தது. செய்யாத பரிகாரமில்லை. முகம் வாடியிருந்த சிநேகிதரை டிலனாய் ஒருநாள் விசாரித்தார். பிறகு வேதாகமத்திலிருந்து யோபு என்னும் நீதிமானின் கதையை எடுத்துச் சொன்னார். ஆடுமாடு போயிற்று, பிள்ளைகள் போனார்கள், உடம்பும் புண்ணாயிற்று. ஆயினும் அவன் சர்வேசுரனைப் பழிக்கவில்லை. துன்பம் என்பது பாவத்தின் கூலி மாத்திரம் அன்று, நீதிமானுக்கும் அது வரும் என்ற போதகம் நீலகண்டப் பிள்ளையின் மனதைத் தைத்தது. யோபுவிலிருந்து தொடங்கிய பேச்சு சேசுநாதருடைய பாடுகளுக்குப் போயிற்று. அவர் கேட்கக் கேட்க, இவர் சொல்லச் சொல்ல, நாட்கள் கழிந்தன.

டிலனாய் குருவல்ல, உபதேசியாருமல்ல. சிப்பாய். தனக்குத் தாய் சொல்லிக்கொடுத்ததை, சிநேகிதனின் துக்கத்துக்கு மருந்தாகச் சொன்னார், அவ்வளவுதான்.

நீலகண்டப் பிள்ளை ஞானஸ்நானம் கேட்டபோது காரியம் பாரதூரமாயிற்று. அரசாங்க சேவகத்திலுள்ள உயர்குலத்தார் ஒருவருக்குத் திருவிதாங்கூர் எல்லைக்குள் ஞானஸ்நானம் கொடுப்பது ஆபத்து. ஆகையால் டிலனாய் ஒரு கடிதம் கொடுத்து, எல்லைக்கு அப்பால் வடக்கன்குளத்தில் இருந்த சேசுசபைக் குரு புத்தாரி சுவாமியாரிடம் அவரை அனுப்பினார். சுவாமியார் அவசரப்படவில்லை, சோதித்துப் பார்த்து, 1745-ம் ஆண்டு மே மாதம் 14-ம் நாள் ஞானஸ்நானம் கொடுத்தார். லாசர் என்ற பெயரே தமிழில் தேவசகாயம் ஆயிற்று. அவருடைய மனைவி பார்கவி அம்மாளும் பின்னர் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனாள்.

டிலனாயின் மகன் பிறந்ததும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். கோட்டைக்குள் ஒரு தொட்டில். வடக்கன்குளத்தில் ஒரு ஞானத்தொட்டி. அந்த மனிதர் தம் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாயிருந்த வேறு ஆண்டு உண்டா என்பது சந்தேகமே.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. தேவசகாயம் பிள்ளை தம் விசுவாசத்தை மறைக்கவில்லை. தாழ்ந்த சாதியார் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு சரிசமமாய்ப் பழகினார். அது அரண்மனையைச் சுற்றியிருந்த பலருக்கு ஆகவில்லை. குற்றச்சாட்டுகள் எழுந்தன. 1749-ம் ஆண்டு பெப்ருவரி 23-ம் நாள் அவரைக் கைதுசெய்தார்கள்.

இங்கேதான் டிலனாயின் ஜீவியத்தில் நம் மனம் தடுக்கி நிற்கும் இடம். ஒரே வேதம், ஒரே மன்னர். அந்நியச் சிப்பாய் அந்த வேதத்தை அநுசரித்தபோது மன்னர் கோவில் கட்ட உதவினார். தம் குடியாகிய நாயர் அலுவலர் அதே வேதத்தை ஏற்றபோது விலங்கு மாட்டினார். டிலனாய்க்கு எந்த நஷ்டமுமில்லாமல் கிடைத்திருந்த விசுவாசம், அவர் கையால் அதை வாங்கிக்கொண்ட சிநேகிதருக்குச் சகலத்தையும் விலையாகக் கேட்டது.

மூன்று ஆண்டுகள் பாடுகள். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராய்க் கொண்டுபோனார்கள், அடித்தார்கள், காயங்களில் மிளகாய்த்தூளைப் பூசினார்கள் என்று பாரம்பரியம் சொல்லுகிறது. புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை என்று ஒன்று இன்றும் இருக்கிறது. தாகத்தால் தவித்த தேவசகாயம் பிள்ளை முழங்கையால் பாறையை இடிக்க, நீர் சுரந்தது என்பர். யாத்திரிகர்கள் அந்தத் தண்ணீரைப் பக்தியோடு அருந்துகிறார்கள். அந்தப் பாறையிலிருந்து உதயகிரிக் கோட்டைக்கு எத்தனை தூரம்? நடந்துபோகிற தூரம். கோட்டைக்குள்ளே மகன் விளையாடிக் கொண்டிருக்க, சற்றே வெளியில் சிநேகிதர் தாகத்தால் துவண்டார்.

1752-ம் ஆண்டு சனவரி 14-ம் நாள், ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் தேவசகாயம் பிள்ளையைச் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். கிறிஸ்தவர்கள் எஞ்சிய உடலைப் பொறுக்கியெடுத்துக் கோட்டாறு அர்ச். சவேரியார் கோவிலில் அடக்கம் செய்தார்கள். சுட்டவர்கள் மன்னரின் சேவகர்கள். மன்னருடைய சேனைக்கு ஐரோப்பிய முறைப்படி துப்பாக்கி பழக்கியவர் யார் என்பதை நாம் மறுபடியும் சொல்ல வேண்டியதில்லை.

வலிய கப்பித்தானின் செல்வாக்கு மிகப் பெரிது. மன்னருக்கு அவரால் ஆகாத காரியம் குறைவு. அந்தச் செல்வாக்கு தேவசகாயம் பிள்ளையின் உயிரைக் காக்கப் போதவில்லை. அதற்குப் பிறகும் டிலனாய் உதயகிரியை விட்டுப் போகவில்லை; வாளைக் கீழே வைக்கவுமில்லை; அதே மன்னருக்குத் தொடர்ந்து சேவகம் செய்தார்.

அவரை இதற்காகக் குறைகூறுவோர் இருக்கலாம். இந்த வரிகளை எழுதுகிற நமக்கும் அந்த எண்ணம் ஒருகால் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், எங்கே போவார்? கம்பெனிக்குத் திரும்பினால் அவர் ஓடிப்போன சிப்பாய், தண்டனை நிச்சயம். மனைவி இருக்கிறாள், ஏழெட்டு வயதுப் பிள்ளை இருக்கிறான். கோட்டைக் கோவிலையும், அதைச் சுற்றிச் சேர்ந்திருக்கிற சொற்பக் கிறிஸ்தவர்களையும் தாங்கி நிற்பது அவருடைய பதவி ஒன்றே. அவர் போய்விட்டால் அவர்களுக்கு யார்? எல்லாருக்கும் வேதசாட்சி முடி கொடுக்கப்படுவதில்லை. சிலருக்கு விடியற்காலையில் எழுந்து, சிநேகிதனைக் கொன்ற சேனைக்கே பயிற்சி கொடுக்கப் போகும் பாரம் கொடுக்கப்படுகிறது. அது எளிது என்று நாம் சொல்லமாட்டோம். சரி என்றும் முடிவாகச் சொல்லத் துணியோம். அவர் அதைச் செய்தார்.

படைத்தொழிலில் அவர் செய்த காரியங்களை வெகு சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சரித்திரப் புத்தகங்களில் அவை விரிவாகவே உள. காயங்குளம், அம்பலப்புழை, தெக்குங்கூர், வடக்குங்கூர் என்று ஒவ்வொரு நாடாகத் திருவிதாங்கூரோடு சேர்ந்தது. 1753-ல் மாவேலிக்கரையில் டச்சுக் கம்பெனி மன்னரோடு உடன்படிக்கை செய்துகொண்டு, இனி உள்நாட்டு அரசர்களின் காரியத்தில் தலையிடுவதில்லை என்று ஒதுங்கிற்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் டிலனாயைச் சண்டைக்கு அனுப்பிய அதே கம்பெனிதான்! இந்த வெற்றிகளை நாம் கொண்டாட வேண்டுவதில்லை. தோற்ற நாடுகளில் எரிந்த வீடுகளும், தாலியறுத்த பெண்களும் இருந்திருப்பார்கள்.

1758-ல் மார்த்தாண்ட வர்மா காலமானார். அடுத்து வந்தவர் தர்மராஜா என்று பேர்பெற்ற ராமவர்மா. அவருக்கும் டிலனாயே வலிய கப்பித்தான். வடக்கே மைசூர்ப் படை வரக்கூடும் என்று எண்ணி, கொச்சிக்கு வடக்கே கடலோரத்திலிருந்து ஆனைமலை அடிவாரம்வரை சுமார் முப்பது மைல் நீளத்துக்கு மண்ணாலும் கல்லாலும் அரண் ஒன்று எழுப்பினார்கள். நெடுங்கோட்டை என்று அதற்குப் பெயர். டிலனாயின் மேற்பார்வையில் எழுந்த அரண்களிலெல்லாம் இதுவே பெரிது.

மகன் யோவான் இதற்குள் வாலிபனாகி விட்டான். தகப்பன் சிப்பாய், வளர்ந்தது கோட்டைக்குள். பிள்ளை வேறு எந்தத் தொழிலுக்குப் போவான்? அவனும் படையில் சேர்ந்தான். சிறுவயதிலேயே பல சண்டைகளைக் கண்டான். அந்நாளில் களக்காட்டுச் சீமையைப் பற்றித் திருவிதாங்கூருக்கும் ஆர்க்காட்டு நவாபுக்கும் நெடுநாளாக வழக்கு இருந்தது. மலைக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் படைகள் போவதும் வருவதுமாயிருந்தன. 1765-ல் களக்காட்டுச் சண்டையில் யோவான் மாண்டான். வயது இருபதை ஒட்டியிருக்கும்.

அவன் உடலை உதயகிரிக்குக் கொண்டுவந்து, கோட்டைக்குள் இருந்த கோவிலில் அடக்கம் செய்தார்கள். அவன் மாண்டதும் தகப்பன் பயிற்றுவித்த சேனையில், தகப்பன் சேவகம் செய்த அரசுக்காகவே.

யோபுவின் கதையைப் பிறருக்குச் சொல்லுவது ஒன்று. அது தன் வீட்டுக்குள் நடப்பது வேறொன்று. இருபது ஆண்டுகளுக்கு முன், ஆடுமாடுகளை இழந்து வாடி நின்ற நீலகண்டப் பிள்ளைக்கு அந்தக் கதையைச் சொன்னபோது டிலனாய்க்கு வயது முப்பது. அப்போது அவர் கையில் எல்லாம் இருந்தது. இப்போது சிநேகிதருமில்லை, மகனுமில்லை, வயது ஐம்பது. கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அந்தப் பாறை. கோவிலுக்குள் போனால் பிள்ளையின் கல்லறை. மார்கரீத்தா அம்மாளும் அவரும் அந்தக் கல்லறையைத் தாண்டித்தான் தினந்தோறும் பீடத்தண்டை போகவேண்டும்.

அவருடைய பிற்கால நடத்தையைக் கவனித்தால், அந்தத் துக்கம் அவரைச் சர்வேசுரனிடமிருந்து பிரிக்கவில்லை என்று தெரிகிறது. வேதத்தை விடவில்லை, கோவிலை விடவில்லை, குருக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் ஆதரவாகவே இருந்தார். மகனை வாங்கிக்கொண்ட அரசின் மேல் வைரம் கொண்டு விலகவுமில்லை. மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தார்.

திருவிதாங்கூரில் கிறிஸ்தவர்கள் நிலைமை மெள்ள மெள்ளச் சீர்ப்பட்டது. தர்மராஜா தம் நாட்டிலுள்ள கிறிஸ்தவர்களுக்குக் காட்டிய தயவைக் கேள்விப்பட்டு, பதினாலாம் கிளமென்ட் பாப்பானவர் 1774-ல் உரோமையிலிருந்து அவருக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் அனுப்பினார். மார்த்தாண்ட வர்மாவின் கைதிக்கும் தேவசகாயம் பிள்ளையின் கொலைக்கும் பின், அதே சிம்மாசனத்துக்கு அப்படியொரு கடிதம் வந்ததே என்று நாம் வியக்கலாம். இதற்கெல்லாம் டிலனாய் ஒருவரே காரணம் என்று சொல்வது மிகையாகும். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இரண்டு மன்னர்களும் தினந்தோறும் கண்முன் கண்ட கிறிஸ்தவன் அவர்தான். வாக்குத் தவறாதவன், பணத்துக்கு விலைபோகாதவன், ஒருத்தியின் புருஷன் என்று அவர்கள் கண்டது வீணாய்ப் போயிராது.

1777-ம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதி டிலனாய் உதயகிரியில் மரித்தார். அவருடைய கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் வெட்டியிருக்கிறார்கள். அவர் வாழ்ந்தது அறுபத்திரண்டு ஆண்டும் ஐந்து மாதமும் என்றும், ஏறக்குறைய முப்பத்தேழு ஆண்டுகள் அரசருக்கு உண்மையாய் உழைத்தார் என்றும், காயங்குளம் முதல் கொச்சிவரை உள்ள நாடுகளை அரசருக்குக் கீழ்ப்படுத்தினார் என்றும் அந்த எழுத்துகள் தெரிவிக்கின்றன. வீரனுக்குரிய கல்வெட்டுத்தான். குடும்பத்தின் சின்னமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நீலகண்டப் பிள்ளையைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. அக்காலத்தில் அந்தப் பெயரை அரசாங்கக் கோட்டைக்குள் கல்லில் வெட்டுவது எப்படி?

அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1789 டிசம்பரில், திப்பு சுல்தானின் சேனை நெடுங்கோட்டையை வந்து முட்டியது. முதல் தாக்குதலில் திருவிதாங்கூர்ப் படை அதைத் திருப்பியடித்தது. மறு ஆண்டில்தான் அரண் உடைந்தது.

தேவசகாயம் பிள்ளையை 2012-ம் ஆண்டு டிசம்பர் 2-ம் நாள் நாகர்கோவிலில் முத்திப்பேறுபெற்றவராகவும், 2022-ம் ஆண்டு மே 15-ம் நாள் உரோமையில் அர்ச்சியசிஷ்டராகவும் திருச்சபை பிரகடனம் செய்தது. இந்தியாவில் பிறந்த இல்லறத்தாருள் பீடத்தின் வணக்கத்துக்கு உயர்த்தப்பட்ட முதல்வர் அவர். அன்று கோட்டாற்றிலும் காற்றாடிமலையிலும் கூடிய ஜனத்துக்குக் கணக்கில்லை.

உதயகிரிக் கோட்டையில் இப்போது வனத்துறையார் மரங்களும் பிராணிகளும் வைத்துப் பேணுகிறார்கள். விடுமுறை நாட்களில் குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் வந்து நிழலில் உட்கார்ந்து சோறு தின்றுவிட்டுப் போகின்றன. அந்தப் பக்கம் போகிறவர்கள் கொஞ்சம் உள்ளே நடந்தால் பழைய கோவிலைப் பார்க்கலாம். கூரை இல்லை, சுவர்கள்தான் நிற்கின்றன. மழையும் வெயிலும் நேரே கல்லறைகளின் மேல் விழுகின்றன. தகப்பனும் தாயும் மகனும் அங்கே ஒரே இடத்தில் கிடக்கிறார்கள். கல்லில் உள்ள தமிழ் எழுத்துகளைக் குனிந்து பார்த்தால் படிக்கலாம்.